அதிதி அசோக் ஆடிய புல்வெளிக்குப் பின்னால்... ஒரு ஜப்பானியரின் வாழ்க்கையைத் தேடி!

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத பல இந்திய வீடுகளில் அன்று காலை டி.வி-யில் கோல்ஃப் ஓடிக்கொண்டிருந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் பதக்கத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். உலகத் தரவரிசையில் 200-வது இடத்தில் இருந்தவர் அவர். பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தது அவருடைய அம்மா. கொரோனா காலம் என்பதால் கைதட்டக் கூட்டமில்லை. கடைசிக் குழியில் அதிதி உருட்டிய நீண்ட பந்து குழியைத் தாண்டிப் போனது. ஒரே ஒரு அடியில் வெண்கலம் தவறி, நான்காவது இடம். அன்று மாலை நீரஜ் சோப்ரா தங்கம் வென்றுவிட, காலையில் நடந்ததை நாடு சீக்கிரமே மறந்துபோனது.

அந்த ஆட்டம் நடந்த இடத்தின் பெயர் கசுமிகாசெகி கன்ட்ரி கிளப். டோக்கியோவுக்கு வடமேற்கே, சைத்தமா மாவட்டத்தில் கவாகோயே நகரில் இருக்கிறது. டி.வி-யில் பார்த்தவர்களுக்கு அது இயற்கையாகவே அமைந்த ஒரு பச்சைப் பூங்காவாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் அங்கிருக்கும் ஒவ்வொரு மேடும், பள்ளமும், மணல் குழியும் யாரோ ஒருவர் காகிதத்தில் வரைந்து, ஆள் வைத்து வெட்டி, மண் கொட்டி உண்டாக்கியவை. சினிமாவுக்கு டைரக்டர் மாதிரி, கோல்ஃப் மைதானத்துக்கும் ஒரு வடிவமைப்பாளர் உண்டு. ஆனால் டைட்டில் கார்டு மட்டும் கிடையாது.

அதனால்தான் அந்த யாரோ ஒருவரின் வாழ்க்கையைத் தேடிப் போகிறவர்கள் முதல் அடியிலேயே தடுக்கி விழுகிறார்கள்.

கசுமிகாசெகியையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மைதானம் 1929-ல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் படித்துத் திரும்பிய ஃபுஜிதா கின்யா. பிறகு இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு நிபுணர் அதன் மணல் குழிகளை ஆழமாக வெட்டச் சொன்னார். ஒலிம்பிக்குக்காக அமெரிக்காவின் டாம் ஃபேசியோவும் அவர் மகன் லோகனும் மொத்தத்தையும் மாற்றியமைத்தார்கள். அந்த வேலை 2016-ல் முடிந்தது. ஆக, அதிதியின் பந்து உருண்டது ஃபேசியோ அமைத்த புல்வெளியில். அதற்கு அடியில் எங்கோ ஆங்கிலேயர், அவருக்கும் அடியில் ஃபுஜிதா. பழைய கோயிலில் சோழர் கட்டியதன் மேல் நாயக்கர் கட்டியதைப் பிரித்துப் பார்ப்பது போன்ற வேலைதான் இது. அங்கே கல்வெட்டு இருக்கும். இங்கே புல்தான் இருக்கிறது.

பெயரிலும் குழப்பம் உண்டு. கசுமிகாசெகி என்று தேடினால் டோக்கியோவின் நடுவில் அமைச்சகங்கள் இருக்கும் இன்னோர் இடம் வந்து நிற்கும். நம்மூரில் கோட்டை என்றால் தலைமைச் செயலகம் என்பதுபோல, ஜப்பானில் கசுமிகாசெகி என்றால் அரசாங்கம். கோல்ஃப் கிளப்புக்குப் பெயர் கொடுத்தது அதுவல்ல. பின்னாளில் கவாகோயே நகரோடு இணைக்கப்பட்ட ஒரு கிராமம்.

அந்தக் கிளப்பின் இரண்டாவது மைதானமான மேற்கு மைதானம் 1932-ல் திறக்கப்பட்டது. அதன் வேலையில் ஃபுஜிதாவோடு ஒரு 24 வயது இளைஞர் இருந்தார். அவர் பெயர் செய்ச்சி இனோவே. பின்னாளில் ஜப்பானின் மிகப் புகழ்பெற்ற கோல்ஃப் மைதான வடிவமைப்பாளர் என்று பெயரெடுத்தவர். வாழ்நாளில் அவர் அமைத்த மைதானங்கள் சுமார் 40.

உடம்பு தேறப் போன இடத்தில்...

இனோவேயின் கதையைச் சொல்லும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். 1908-ல் டோக்கியோவில் பிறந்தவர். இளவயதில் உடம்புக்கு முடியாமல், ஓய்வெடுக்க இசு தீபகற்பத்தில் உள்ள கவானா என்ற கடலோர ஊருக்குப் போனார். அங்கே ஹக் ஆலிசன் என்ற ஆங்கிலேயர் கோல்ஃப் மைதானம் அமைக்கும் வேலையில் இருந்தார். அதைப் பார்த்த இனோவே, தன் வாழ்க்கை இதுதான் என்று முடிவு செய்துவிட்டார்.

கேட்க அழகாக இருக்கிறது. ரொம்ப அழகாக இருக்கும் கதைகளைக் கொஞ்சம் தட்டிப் பார்ப்பது நல்லது. தேதிகளை வைத்துத் தட்டலாம்.

ஆலிசன் அந்தக் காலத்து பிரிட்டனின் பெரிய வடிவமைப்பாளரான ஹாரி கோல்ட்டின் கூட்டாளி. 1930 கடைசியில் ஜப்பானில் இறங்கி, 1931 தொடக்கத்தில் கிளம்பிவிட்டார். சில மாதங்கள்தான். அதற்குள் கோபே அருகே ஹிரோனோ, டோக்கியோ அருகே அசாகா, இசுவில் கவானா என வரிசையாக வரைபடம் போட்டுக் கொடுத்தார். கசுமிகாசெகியில் மணல் குழிகளை ஆழப்படுத்தச் சொன்ன நிபுணரும் இவர்தான். விளிம்பு நெட்டுக்குத்தாக நிற்கும் ஆழமான மணல் குழியை ஜப்பானில் இன்றும் ‘ஆலிசன் பங்கர்’ என்றே சொல்கிறார்கள். அப்போது இனோவேக்கு 22 வயது. கதை பொருந்துகிறது.

ஆனால் ஒன்று. கவானாவில் ஆலிசனின் ஃபூஜி மைதானம் திறக்கப்பட்டது 1936-ல். அப்படியானால் ஆலிசன் இருந்த நாட்களில் அந்த இளைஞர் பார்த்தது, இன்று போஸ்ட்கார்டில் வரும் பசேல் புல்வெளியாக இருந்திருக்க முடியாது. எரிமலைப் பாறையும் காடுமாக இருந்த ஒரு கடலோரச் சரிவையும், அதில் நடந்து நடந்து எதையோ கணக்குப் போட்ட ஒரு வெளிநாட்டுக்காரரையும்தான் பார்த்திருக்க வேண்டும். காட்டைப் பார்த்து மைதானத்தைக் கற்பனை செய்வது ஒரு வேலை, அதற்குச் சம்பளமும் உண்டு என்று அந்த வயதில் தெரிந்துகொள்வது, முடிந்த அழகைப் பார்த்து மயங்குவதைவிடப் பெரிய விஷயம்.

ஜப்பானியர்களுக்கே கோல்ஃப் அப்போது புதுசு. ஆர்தர் குரூம் என்ற ஆங்கிலேய வியாபாரி கோபே நகருக்கு மேலே ரோக்கோ மலையில் 1901-ல் நான்கு குழிகளோடு தொடங்கியதுதான் நாட்டின் முதல் மைதானம். ஜப்பானியர்களே தங்களுக்கென டோக்கியோ கோல்ஃப் கிளப்பைத் தொடங்கியது அதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான். அதன் பின்னணியில் இருந்தவர் ஜுன்னோசுகே இனோவே என்ற வங்கியாளர். பின்னாளில் நிதியமைச்சராகி, 1932-ல் சுட்டுக் கொல்லப்பட்டவர். பழைய கோல்ஃப் பத்திரிகையில் ‘இனோவே’ என்று மட்டும் இருந்தால் அது யார் என்று இரண்டு முறை யோசிக்க வேண்டும். நம்மூரில் வெறும் ‘சுப்பிரமணியம்’ என்று எழுதி வைத்ததுபோல!

முதல் தலைமுறை வடிவமைப்பாளர்கள் அநேகமாக எல்லோரும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். கோமியோ ஓத்தானி கியோட்டோவின் புகழ்பெற்ற நிஷி ஹோங்கான்ஜி பௌத்த மடத்தின் பரம்பரையில் வந்தவர். அமெரிக்காவில் படித்த ரொகுரோ அகாபோஷி, 1927-ல் நடந்த முதல் ஜப்பான் ஓபனை வென்றார். அவர் தொழில்முறை ஆட்டக்காரர்கூட இல்லை. பந்தயத்தில் ஆடியதோடு மைதானங்களையும் வரைந்தார். இவர்களுக்கு வடிவமைப்பு ஒரு பெரிய மனிதரின் பொழுதுபோக்கு. இனோவே தலைமுறையில்தான் அது முழுநேரத் தொழிலாகிறது.

தாத்தாவின் நோட்டு மாதிரி ஆவணங்கள்

சரி, எங்கே தேடுவது? முதலில் கிளப்புகளின் பொன்விழா மலர்கள். ஜப்பானில் பழைய கிளப்புகள் 30, 50 ஆண்டு நிறைவுக்குக் கனமான புத்தகங்கள் போட்டிருக்கின்றன. கடையில் விற்பதற்கல்ல, உறுப்பினர்களுக்குக் கொடுப்பதற்கு. அந்த உறுப்பினர் காலமான பிறகு வீட்டார் பழைய புத்தகக் கடையில் போட்டால்தான் வெளியாள் கையில் கிடைக்கும். டோக்கியோவின் ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைத் தெருவில் மணிக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். ஹிரோனோவில் ஜப்பான் கோல்ஃப் சங்கத்தின் அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது.

கிடைத்த புத்தகத்தில் தேதியைப் பார்த்தால் ‘ஷோவா 7’ என்றிருக்கும். அது பேரரசரின் ஆட்சி ஆண்டு. 1925-ஐக் கூட்டினால் 1932. நம் தாத்தாக்கள் ‘பிரமோதூத வருஷம் பங்குனி மாசம்’ என்று எழுதி வைத்த கணக்கு நோட்டைப் புரட்டியவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். ஆட்களின் பெயர்களிலும் இதே கதை. ஜப்பானிய எழுத்து ஒன்றையே பல விதமாக உச்சரிக்கலாம். ‘ஒசாமு’ என்று படிக்கும் எழுத்தை ‘ஹாரு’ என்றும் படிக்க இடமுண்டு. குடும்பத்தாரோ பழகியவரோ சொன்னால்தான் எது சரி என்று தெரியும்.

விழா மலர்களில் இன்னொரு சிக்கல், அவை விழா மலர்கள் என்பதே. யாரையும் குறை சொல்லாது. பணத் தகராறு, நிலத்தை விற்ற விவசாயியின் வருத்தம், வரைபடத்தை ஒப்புக்கொள்ளாத கமிட்டி... எதுவும் வராது. வடிவமைப்பாளருக்கு ஒரு படம், இரண்டு பத்தி பாராட்டு, அவ்வளவுதான்.

அதனால் கடைசியில் மண்ணிடமே போக வேண்டியிருக்கிறது. அங்கேதான் போர் குறுக்கே வருகிறது.

‘முழங்கால் ஒடிஞ்ச’ கிராமம்

இரண்டாம் உலகப் போரில் கோல்ஃப் மைதானங்களின் கதி மோசம். பரந்த சமநிலம், மரம் குறைவு. ராணுவத்துக்கு வேறென்ன வேண்டும்? ஹிரோனோ மைதானத்தில் விமான ஓடுதளம் போட்டார்கள். பல இடங்களில் புல்லைக் கொத்திவிட்டு உணவுப் பயிர் வைத்தார்கள். பட்டினிக்கு முன்னால் பங்கராவது, கிரீனாவது.

அசாகாவின் கதை இன்னும் விசித்திரம். டோக்கியோ கோல்ஃப் கிளப் 1932-ல் ஹிசாஓரி என்ற கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. ஹிசாஓரி என்றால் ‘முழங்கால் ஒடிவது’ என்று அர்த்தம். அவ்வளவு பெரிய மனிதர்கள் வரும் இடத்துக்கு இப்படியொரு பெயரா? கிளப்பின் கௌரவத் தலைவராக இருந்த இளவரசர் அசாகாவின் பெயரை எடுத்து, மரியாதைக்காக ஓர் எழுத்தை மட்டும் மாற்றி ஊருக்கு வைத்தார்கள். ஆலிசன் வரைந்த அந்த மைதானம் பத்து ஆண்டுகூட முழுதாக நிற்கவில்லை. ராணுவம் எடுத்துக்கொண்டு அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி கட்டியது. போருக்குப் பின் அமெரிக்க ராணுவ முகாம், பிறகு ஜப்பானின் தற்காப்புப் படை முகாம். அங்குள்ள அசாகா சுடுதளத்தில்தான் டோக்கியோ ஒலிம்பிக்கின் துப்பாக்கிச் சுடும் போட்டிகள் நடந்தன. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் குறிபார்த்தது அங்கேதான். மைதானம் போய்விட்டது, கோல்ஃபால் வந்த ஊர்ப் பெயர் மட்டும் நிற்கிறது.

இப்படி அழிந்த, உருமாறிய மைதானங்களைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்களுக்குக் கைகொடுப்பது ஒரு எதிர்பாராத பொருள். போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் விமானத்திலிருந்து ஜப்பான் முழுவதையும் படமெடுத்தது. அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களை ஜப்பானின் நில அளவைத் துறை இன்று இணையத்தில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. வயல்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் நீள நீளமான பட்டைகள், அவற்றின் ஓரத்தில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அவை பழைய ஆட்டப் பாதைகளும் மணல் குழிகளும். தோற்ற நாட்டை அளப்பதற்காக ஜெயித்தவன் எடுத்த படம், ஒரு வடிவமைப்பாளரின் கையெழுத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

போருக்கு முன் இனோவேயின் பெயரில் நின்றவை கொஞ்சம்தான். 1936-ல் நாசு மலைப்பகுதியில் அமைத்தது அவற்றில் ஒன்று. அவருடைய பெரிய காலம் 1950-களில் தொடங்குகிறது. 1953-ல் பசிபிக் கடலோரம் கரும்பைன் மரங்களுக்கு நடுவே ஓஅராய். 1955-ல் நிக்கோ. 1958-ல் மட்டும் ரியூகாசாகி, வடக்கே சப்போரோவின் வாத்சு என இரண்டு பெரிய பெயர்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் கசுமிகாசெகியில் கனடா கோப்பை நடந்து, தொராகிச்சி நகமுராவும் கொய்ச்சி ஓனோவும் அமெரிக்காவின் சாம் ஸ்னீட் அணியை வீழ்த்தி ஜப்பானுக்குக் கோப்பையை வாங்கித் தந்திருந்தார்கள். 1983-ல் கபில்தேவ் கோப்பையைத் தூக்கிய பிறகு நம் தெருக்களில் என்ன நடந்ததோ, அது அங்கே கம்பெனி முதலாளிகளுக்கும் மேனேஜர்களுக்கும் நடந்தது. ஊருக்கு ஊர் கிளப். வடிவமைப்பாளர் வீட்டு வாசலில் வரிசை.

‘கிழக்கே இனோவே, மேற்கே உவேதா’ என்று ஜப்பானில் சொல்வார்கள். உவேதா ஒசாமு, இனோவேயைவிட ஒரு வயது மூத்தவர். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் நீச்சல் வீரர். ஹிரோனோ மைதானக் கட்டுமானத்தில் சேர்ந்து தொழில் கற்றவர். அதாவது, கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு பேருக்கும் பாதை காட்டியது சில மாதங்கள் மட்டும் தங்கிவிட்டுப் போன அதே ஆலிசன்தான். உவேதாவின் வடிவமைப்பில் பலம் தெரியும், இனோவேயினதில் வளைவு தெரியும் என்பது பொதுவான பேச்சு. இப்படிப் பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இரண்டு பேரைப் பிரித்து வைப்பதை முழுசாக நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் இனோவேயின் மணல் குழிகளின் விளிம்பைப் பார்த்தால், ஒரே வீச்சில் இழுத்த கோலம்போல இருக்கிறது என்பது உண்மை.

ஒரு குழிக்கு இரண்டு புல்வெளி

இனோவேயைப் புரிந்துகொள்ள ஒரு புல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்வெளிதான் கிரீன். பந்து இங்கே பறக்காது, உருளும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதற்கு ‘பென்ட்’ என்ற மெல்லிய புல் வைப்பார்கள். ஜப்பானின் கோடைப் புழுக்கத்தில் அது வாடிப் போகும். உள்ளூர் ‘கோராய்’ புல் வெயிலைத் தாங்கும், ஆனால் குளிர்காலத்தில் பழுப்பாகிப் படுத்துவிடும். நம்மூர் நர்சரிகளில் ‘கொரியன் கிராஸ்’ என்று சதுர அடிக் கணக்கில் விற்கிறார்களே, அதன் நெருங்கிய சொந்தம்தான் இந்தக் கோராய்.

ஜப்பானியர்கள் கண்டுபிடித்த வழி, ஒவ்வொரு குழிக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கிரீன். ஒன்றில் பென்ட், இன்னொன்றில் கோராய். பருவத்துக்கு ஒன்று. உலகத்தில் வேறெங்கும் இந்த முறை இப்படிப் பரவலாக இருந்ததில்லை.

வெளிநாட்டு விமர்சகர்கள் இதைக் கிண்டல் செய்ததுண்டு. ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல் வைத்த மாதிரி, கவனம் சிதறுகிறது என்று. ஆனால் வரைகிறவரின் பக்கம் நின்று பாருங்கள். ஒரே பாதையில் கிளம்பும் ஆட்டக்காரர் பாதி நாள் இடப்பக்கம் முடிக்கிறார், பாதி நாள் வலப்பக்கம். மணல் குழிகளும் மரங்களும் இரண்டுக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஆடாத கிரீன் அன்றைக்கு ஒரு தடையாகவும் நிற்கும். இரண்டு கதையை ஒரே மேடையில் நடத்துவது போன்ற இந்தக் கணக்கை இனோவே அளவுக்குப் போட்டுப் பழகியவர்கள் குறைவு.

பின்னாளில் வெயிலைத் தாங்கும் பென்ட் வகைகள் வந்துவிட்டன. கிளப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கிரீனை இடித்து ஒன்றாக்கின. கசுமிகாசெகியின் ஒலிம்பிக் மாற்றத்தில் நடந்ததும் அதுதான். ஆட்டத்துக்கு அது நல்லதாக இருக்கலாம். ஆனால் இரண்டு கிரீனுக்காக வைத்த மரமும் மணலும், ஒற்றைக் கிரீனுக்கு எதிரில் இன்று அர்த்தமில்லாமல் நிற்கும் இடங்கள் உண்டு. ‘இவர் ஏன் இதை இங்கே வைத்தார்?’ என்று குழம்புகிறவர் பழைய ஸ்கோர் கார்டைத் தேட வேண்டும். ‘ஏ கிரீன்’, ‘பி கிரீன்’ என்று இரண்டு வரிசைத் தூரங்கள் அதில் அச்சாகியிருக்கும். உள்ளங்கை அளவு அட்டை, மலர்கள் சொல்லாததைச் சொல்லிவிடும்.

கோல்ஃப் பணக்காரர்களின் ஆட்டம்தானே, இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்டால், கேள்வி நியாயமானதுதான். கசுமிகாசெகியே பெண்களை முழு உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டது, ஒலிம்பிக் கமிட்டியின் நெருக்கடிக்குப் பிறகு, 2017-ல்! 1980-களின் பணப்புழக்கத்தில் கிளப் உறுப்பினர் அட்டைகள் பங்குச்சந்தைப் பத்திரம்போலக் கைமாறின. சில கிளப்புகளில் விலை கோடிக்கணக்கான யென்னைத் தொட்டது. காடுகளை வெட்டியதும் பூச்சிமருந்து ஆற்றில் கலந்ததும் போராட்டங்களாக வெடித்தன. பிறகு குமிழி உடைந்தது. பல கிளப்புகள் திவாலாகி, சில மைதானங்களின் சரிவுகளில் இப்போது சோலார் பலகைகள் வெயில் காய்கின்றன. வடிவமைப்பாளரின் வரைபடம் அப்போது பழைய பேப்பர். ஒரு வங்கிக் கணக்குக்காக அமைந்த மைதானத்துக்கு அது பெரிய இழப்பில்லை. அதே விதி ஒரு ஓஅராய்க்கு வந்தால்?

இனோவே 1981-ல் காலமானார். அந்தக் குமிழியை அவர் பார்க்கவில்லை.

அவருடைய குணத்தை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் டோக்கியோ யோமியூரி கன்ட்ரி கிளப்புக்குப் போகலாம். 1964-ல் திறந்தது. ஆண்டுதோறும் ஜப்பானின் ஆண்கள் பருவத்தின் கடைசிப் போட்டி அங்கேதான் நடக்கிறது. வழக்கமாக ஒரு மைதானத்தின் 18-வது குழி நீளமானதாக இருக்கும். கடைசியில் வீரர் ஓங்கி அடிக்கட்டும், கூட்டம் கத்தட்டும் என்று. இங்கே இனோவே மூன்றே அடியில் முடிக்க வேண்டிய ஒரு குழியை வைத்துவிட்டார். தூரம் 200 கெஜத்துக்கு மேல். கிரீனோ பின்னாலிருந்து முன்னால் சரிகிறது. குழிக்கு மேலே பந்து நின்றுவிட்டால் தீர்ந்தது. கோப்பையில் ஒரு கையை வைத்துவிட்டவரும்கூட அங்கே குனிந்து, பந்தைத் தொட்டும் தொடாமலும் தட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பந்து குழியைக் கடந்து, நிற்காமல், கீழே கீழே உருண்டு போகும்.

ஒவ்வொரு டிசம்பரிலும் யாராவது ஒருவருக்கு அது நடக்கிறது.